வாசகர் கேள்வி – பதில்: 13 வார வேலையும் கொக்கு வரும் பருவமும்

கேள்வி: நான் செங்கல்பட்டில் பிறந்தவள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 11 ஆண்டுகளாக இரவுப் பணி பார்க்கும் செவிலியர்; வயது 46. கிரீன் கார்டு இருக்கிறது. மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். கணவர் வீட்டிலிருந்தபடியே வேலை செய்பவர். ஓராண்டாக, மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் இறங்க மனமில்லாமல் காரிலேயே பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன். சிறு வயதில் அப்பா வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போய் ஏற்படுத்திய பறவைப் பித்து இன்னும் மனத்தில் இருக்கிறது. ஆனால் ஆசையாக வாங்கிய பைனாகுலர் உறை பிரியாமல் கிடக்கிறது. ஊர் ஊராகப் போய் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் டிராவல் நர்சிங்குக்கு மாறினால் இந்த அலுப்பு தீருமா? “நாடோடி மாதிரித் திரியவா உன்னைப் படிக்க வைத்தோம்?” என்று அம்மா தொலைபேசியில் கேட்கிறார்.

பதில்: நானும் அப்படி 6 ஒப்பந்தங்கள் போய்வந்தவள் என்பதால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: போகலாம், ஆனால் எதிலிருந்து தப்பிக்க நினைக்கிறீர்கள் என்பதை முதலில் பிரித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் ‘பர்ன்அவுட்’ என்பதை நோய் என்று சொல்லாமல், பணியிடத்தின் தீராத நெருக்கடியால் வரும் நிலை என்று வரையறுத்து, அதற்கு மூன்று கூறுகளைச் சொன்னது: சத்தெல்லாம் வற்றிப்போன சோர்வு, வேலையின் மீது ஏற்படும் விலகலும் கசப்பும், நாம் செய்வதால் பயனில்லை என்ற எண்ணம். காரை விட்டு இறங்க முடியாத அந்தப் பத்து நிமிடம் இரண்டாவதில் சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

இதற்கு ஒரு சின்னப் பரிசோதனை உண்டு. நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரக் காரோட்டத்தில் ஹை ஐலண்ட் இருக்கிறது. மெக்சிகோ வளைகுடாவை ஒரே மூச்சில் கடந்து வரும் சிறு பறவைகள் ஏப்ரல் மாதத்தில் களைத்துப்போய் அங்குள்ள மரங்களில் இறங்கும். இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் வாருங்கள். மனம் கொஞ்சமாவது துள்ளினால் உங்கள் சிக்கல் வேலையைச் சார்ந்தது. அங்கேயும் எதுவும் உறைக்கவில்லை, விடுமுறை நாளிலும் உறக்கமும் பசியும் இல்லை என்றால், ராஜினாமாக் கடிதத்துக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு நோயாக இருந்தால் அது உங்கள் பெட்டியிலேயே ஏறிக்கொண்டு அடுத்த ஊருக்கும் வந்துவிடும்.

வேலையைச் சார்ந்ததுதான் என்று தெளிந்த பிறகு, இந்த மாற்றம் எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்று பார்ப்போம். குழுக் கூட்டங்கள், ஆண்டு மதிப்பீடு, பிரிவுக்குள் இருக்கும் அரசியல், விடுமுறை நாளில் “இன்றைக்கு ஓர் ஆள் குறைகிறது, வர முடியுமா?” என்று வரும் குறுஞ்செய்தி ஆகியவை பெருமளவு விலகிவிடும். நோயாளியின் படுக்கையருகே இருக்கும் பாரம் அப்படியே இருக்கும். வென்டிலேட்டரின் அலறல் எந்த மாநிலத்திலும் ஒன்றுதான். சொல்லப்போனால் முதல் இரண்டு வாரம் இன்னும் மோசம்: அறிமுகப் பயிற்சி பெரும்பாலும் ஓரிரு நாட்களோடு முடிந்துவிடும், மருந்து அலமாரி உங்கள் கடவுச்சொல்லை ஏற்க மறுக்கும், உயிர்காக்கும் மருந்துகளும் கருவிகளும் வைத்த அவசரத் தள்ளுவண்டி எந்த மூலையில் நிற்கிறது என்பது அது தேவைப்படும் நொடியில்தான் தெரியும். வேறு பிரிவுக்கு யாரையாவது அனுப்ப வேண்டும் என்றால் முதலில் கிளம்புவதும் வெளியூர்ச் செவிலியர்தான்.

ஆகவே வாரச் சம்பளத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்பதை முதலில் கேளுங்கள். கலிபோர்னியாவில் 1999இல் இயற்றப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு இரண்டு நோயாளிகளுக்கு மேல் தரக் கூடாது. நீங்கள் சாப்பிடப் போகும் அரை மணி நேரத்துக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். ஆள் குறையும் இரவுகளில் மூன்று நோயாளிகளைச் சுமந்து பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் உங்கள் டெக்சஸ் உரிமம் அங்கே செல்லாது. 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்துள்ள செவிலியர் உரிம உடன்படிக்கையில் டெக்சஸ் இருக்கிறது, கலிபோர்னியா இல்லை. விரல் ரேகை உட்பட எல்லாம் கொடுத்துத் தனி உரிமம் வாங்க வேண்டும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இழுக்கும் வேலை அது. உடன்படிக்கைக்குள் இருக்கும் மாநிலங்களுக்குப் பன்மாநில உரிமம் ஒன்றே போதும். உங்களுடையது அந்த வகைதானா என்று மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பறவைகள். வழக்கமான ஒப்பந்தக் காலம் 13 வாரம், அதாவது கிட்டத்தட்ட ஒரு பருவம். பறவை பார்ப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான கால அளவை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை நியூ மெக்சிகோவின் போஸ்கே டெல் அப்பாச்சியில் கொக்குகளும் வெண் வாத்துகளும் கூடும். பிப்ரவரியில் தொடங்கும் ஒப்பந்தத்துக்கு நெப்ராஸ்கா. கோடையில் அரிசோனாவின் டூசான் நகருக்குத் தெற்கே இருக்கும் மடேரா பள்ளத்தாக்கில் ஓசனிச்சிட்டுகள். இலையுதிர் காலத்தில் நியூ ஜெர்சியின் கேப் மே முனையில் வல்லூறுகள். இந்த நான்கு மாநிலங்களும் உடன்படிக்கைக்குள் இருப்பவை.

நெப்ராஸ்காவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல அனுமதியுங்கள். அங்கே பிளாட் ஆற்றின் ஒரு சிறு நீட்சியில், மார்ச் மாதத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட சாண்ட்ஹில் கொக்குகள் இறங்கி இளைப்பாறுகின்றன. கியர்னி என்ற சிறு நகரத்துக்கு அருகே, ஆற்றங்கரையில் பலகையால் அடைத்த மறைப்புக் குடிலில், விடிவதற்கு முன் நின்றுகொண்டிருந்தேன். கையுறைக்குள் விரல் மரத்துவிட்டது, பேசக் கூடாது, விளக்கு கூடாது. முதலில் சத்தம்தான் வந்தது: பழைய மரக் கதவின் கீலும், நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிபார்க்கும் ஓசையும் கலந்தாற்போன்ற ஒரு கரகரப்பு. வெளிச்சம் வரவர, மணல்திட்டு என்று நான் நினைத்திருந்தது முழுவதும் கணுக்கால் அளவு நீரில் நின்றிருந்த கொக்குகள் என்று தெரிந்தது. எங்கிருந்தோ ஒரு கழுகு தலைக்கு மேல் போக, அத்தனையும் ஒன்றாக எழும்பின. அன்று மாலைவரை எனக்கு மருத்துவமனை ஞாபகமே வரவில்லை.

இந்தக் காட்சிக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. பறவைகளின் நேரம் விடியற்காலை. இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழு, ஏழரைக்கு ஹேண்டோவர் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது அந்த நேரம் கடந்துவிட்டிருக்கும். பொழுதுபோக்குக்காகவே மாறுகிறீர்கள் என்றால் பகல் ஷிப்ட் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். சம்பளம் சற்றுக் குறைந்தாலும் சரி. வாரத்துக்கு 12 மணி நேர ஷிப்ட் மூன்றுதான் என்பதால், அவற்றைச் சேர்த்து வைக்கச் சொல்லியும் கேட்கலாம். முதல் வாரம் ஞாயிறு, திங்கள், செவ்வாய். அடுத்த வாரம் வியாழன், வெள்ளி, சனி என்று வைத்தால் இடையில் 8 நாள் முழுதாகக் கிடைக்கும். ஆனால் அதற்கு விலையாக, அந்தச் சனியை அடுத்து மறுபடி ஞாயிறு தொடங்கி ஆறு ஷிப்ட் தொடர்ச்சியாக வரும். ஒரு முறை செய்தேன். ஆறாம் நாள் மருந்தின் அளவை மூன்று முறை சரிபார்த்த பிறகும் என் கண்ணை நானே நம்பவில்லை. அதன் பிறகு நான்கோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒப்பந்தத்தில் ஒவ்வொரு சொல்லையும் படியுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உறுதி, எந்தெந்தப் பிரிவுக்கு மாற்றலாம், இடையில் ரத்து செய்தால் யார் யாருக்கு எத்தனை நாள் அவகாசம் தர வேண்டும் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். உங்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியின் ரெக்ரூட்டர் தொலைபேசியில் அன்பாகச் சொன்னதற்கு மதிப்பில்லை. என்னுடைய மூன்றாவது ஒப்பந்தத்தை ஒரு மருத்துவமனை ஐந்தாம் வாரத்தில் ரத்து செய்தது. நோயாளிகள் எண்ணிக்கை குறைந்துவிட்டதாம். மூன்று மாதத்துக்குக் கையெழுத்திட்ட வீட்டு வாடகை என் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு மாதாமாதம் புதுப்பிக்கும் அறையைத் தவிர வேறு எதையும் நான் எடுத்ததில்லை.

இன்னொன்று: அலுப்பைத் தீர்ப்பது ஒப்பந்தத்தைவிட இரண்டு ஒப்பந்தங்களுக்கு இடையிலான வெற்று வாரங்கள்தான். பலர் அந்த இடைவெளியில் மருத்துவக் காப்பீடு அறுந்துவிடும் என்ற பயத்தில் ஓய்வே எடுக்காமல் ஓடுகிறார்கள். உங்கள் கணவருக்கு நிறுவனக் காப்பீடு இருந்தால், உங்களுடையது முடிந்த 30 நாட்களுக்குள் அதில் சேர்ந்துவிடுங்கள்; மூன்று, நான்கு வாரம் சும்மா இருக்கும் தைரியம் தானாக வரும்.

அம்மாவின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. இப்போதைய மருத்துவமனையிலேயே பிஆர்என் முறையில், அதாவது தேவைப்படும்போது மட்டும் வரும் செவிலியராக, பெயரை வைத்துக்கொள்ள முடியுமா என்று மேலாளரிடம் கேளுங்கள். கதவு திறந்தே இருக்கிறது என்றால் அம்மாவும் நிம்மதியாக உறங்குவார். முதல் ஒப்பந்தத்தை எடுக்கும்போது கணவரை ஒரு வாரம் அங்கே வரச் சொல்லுங்கள். எனக்குத் துணையில்லாமல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வேலையைவிடக் கடினமாக இருந்தது.

கேள்வி: கோயம்புத்தூரில் ஐசியூ செவிலியராக இருக்கிறேன். இங்கிருந்தே நேராக அமெரிக்காவில் டிராவல் நர்ஸ் ஆக முடியுமா?

பதில்: நடைமுறையில் முடியாது. அமெரிக்கச் செவிலியர் உரிமத்துக்கான என்க்ளெக்ஸ் தேர்வை இந்தியாவிலேயே எழுதிவிடலாம். ஆங்கிலத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் முடிக்கலாம். ஆனால் சாதாரணச் செவிலியர் பணிக்கு எச்1பி விசா பெரும்பாலும் கிடைப்பதில்லை. வழக்கமான வழி, வேலையின் அடிப்படையில் தரப்படும் இபி-3 பிரிவு கிரீன் கார்டு. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அதில் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. வந்து சேர்ந்தாலும், வரவழைத்த நிறுவனத்தோடு இரண்டு அல்லது மூன்று ஆண்டு ஒப்பந்தம் இருக்கும். நடுவில் விலகினால் பெரிய தொகை கேட்பவர்களும் உண்டு. அந்தக் காலம் முடிந்த பிறகு உங்கள் விருப்பம்.

கேள்வி: என் மனைவி டிராவல் நர்ஸாகச் சேரப் போகிறாள். தங்குமிடப் படிக்கும் சாப்பாட்டுப் படிக்கும் வரியே கிடையாது, வீட்டிலிருந்து 50 மைல் தள்ளி வேலை பார்த்தால் போதும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: 50 மைல் என்பது தொழிலில் புழங்கும் வாய்ச்சொல், வருமான வரிச் சட்டம் இதற்கு அப்படி ஒரு தூரத்தை வைக்கவில்லை. அது கேட்பது வேறு: உங்களுக்கு உண்மையான ஒரு ‘வரி இருப்பிடம்’, அதாவது வரிக் கணக்கில் உங்கள் நிலையான ஊராகக் கருதப்படும் இடம், இருக்கிறதா, அந்த வீட்டுக்கும் செலவழித்துக்கொண்டு வேலை செய்யும் ஊரிலும் இரண்டாம் முறை செலவழிக்கிறீர்களா என்பதுதான். சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கிளம்பினால் அந்த வாதம் ஆட்டம் காணும். ஒரே பகுதியில் ஓராண்டுக்கு மேல் நீடிக்கும் என்று தெரிந்து வேலை பார்த்தாலும் படிகளுக்கு வரி உண்டு.

சம்பளச் சீட்டையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வாரம் 36 மணி நேரத்துக்கு 2,200 டாலர் என்று விளம்பரம் வந்ததாக வைத்துக்கொள்வோம். அதில் மணிக்கு 25 டாலர் வீதம் 900 மட்டும் சம்பளம், மீதி 1,300 படி. மொத்தத்தைப் பிரித்தால் மணிக்கு 61 டாலர் போலத் தெரியும். ஆனால் மேலதிக ஷிப்டுக்கு அந்த 25 டாலரை அடிப்படையாக வைத்து ஒன்றரை மடங்கு கணக்கிட்டால், கைக்கு வருவது மணிக்கு 37.50 டாலர்தான். சோர்ந்து போயிருக்கும் ஒருவர் கூடுதலாக உழைக்கும் நேரத்துக்கு, வழக்கமான நேரத்தைவிடக் குறைவாகப் பெறுகிறார். வீட்டுக் கடன் கேட்கப் போனாலும் பல வங்கிகள் அந்த 900ஐத்தான் வருமானமாகப் பார்க்கும். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியக் கணக்கிலும் அதுவே ஏறும். கையெழுத்திடும் முன், மேலதிக நேரத்துக்கான வீதத்தைத் தனியாக எழுதித் தரும்படி உங்கள் மனைவி ஏஜென்சியிடம் கேட்க வேண்டும்.