காந்தலூர் ஆப்பிளை ஃப்ரீசரில் வைக்கலாமா?

ஆடி, ஆவணியில் கேரளத்தின் இடுக்கி மலையிலுள்ள காந்தலூர்த் தோட்டங்களில் ஆப்பிள் பறிப்பார்கள். மறையூர், சின்னார் தாண்டி உடுமலை வரைக்கும் பழம் பைபையாக இறங்கி வரும், கூடவே இந்தக் கேள்விகளும்.

அக்கா, ஊரிலிருந்து மாமா ஒரு பெட்டி ஆப்பிள் கொடுத்துவிட்டார். முழுப் பழமாகவே ஃப்ரீசரில் போட்டுவிடலாமா? (மறையூர் வாசகி)

போடலாம், கெடாது. ஆனால் உருகித் தளர்ந்த பழத்தில் தோலும் விதையும் எடுப்பது பெரும்பாடு. இப்போதே வெட்டிவிடுங்கள்.

கெட்டியான, கொஞ்சம் புளிப்புள்ள பழங்களைப் பொறுக்குங்கள். மாவு மாவாக இருப்பவை வேண்டாம். பக்கத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் 2 எலுமிச்சம்பழம் பிழிந்து வையுங்கள். தோல் சீவி, விதைப் பகுதியை நீக்கி, நறுக்க நறுக்க அதில் போட்டு வாருங்கள். வெட்டிய இடத்தில் காற்றுப் பட்டால் பழத்திலுள்ள நொதி வேலையைத் தொடங்கிவிடும், பழுப்பேறுவது அதனால்தான். எலுமிச்சையின் புளிப்பு அதை மட்டுப்படுத்தும்.

5 நிமிடம் கழித்து வடித்து, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். இதில் மட்டும் அவசரமே கூடாது. ஈரத்தோடு வைத்தால் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கத்தியும் இறங்காது. எவர்சில்வர் தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு துண்டை எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். அந்தப் பதத்தில் கவரில் கொட்டி, காற்றை அழுத்தி வெளியேற்றி, தேதி எழுதி மூடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் 8 மாதத்துக்குக் குறையாமல் ருசி நிற்கும்.

வெளியே எடுத்தால் தொளதொளவென்று ஆகிவிடுகிறதே? (உடுமலை)

ஆகத்தான் செய்யும். பழத்துக்குள் இருக்கும் நீர் உறையும்போது அதன் பனித்துகள்கள் செல் சுவர்களைக் கிழித்துவிடும். உருகியதும் சாறு கசியும், மொறுமொறுப்பு திரும்பாது. அதனால் கடித்துச் சாப்பிட என்று உறைய வைக்காதீர்கள், இது சமையலுக்கான பழம். உருக விடாமல் நேராக வாணலியில் போட்டு, மறையூர் வெல்லத்தைத் தூவி, சிறுதீயில் சுருள வதக்கி, கடைசியில் ஏலக்காய் போடுங்கள். அந்த வெல்லத்துக்கும் இந்தப் பழத்துக்கும் அப்படி ஒரு பொருத்தம்! தோசைக்குள் வைத்துக் கொடுத்தால் பிள்ளைகள் இன்னொன்று கேட்பார்கள்.

எங்களுடையது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். கரண்டும் அடிக்கடி போகிறது. (கம்பம்)

மேலே இருக்கும் அந்தச் சின்னப் பெட்டி பெரும்பாலும் மைனஸ் 18-க்கு இறங்காது. ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுகிற அளவுக்கு மட்டும் வையுங்கள். கரண்ட் போனால் கதவைத் திறந்து பார்க்காதீர்கள். முழுக்க உருகிப் போயிருந்தால் மறுபடி உறைய வைக்க வேண்டாம். நல்ல நிலையில் இருந்தால் அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.

ஆப்பிளில் பூண்டு வாசம் வருகிறது, என்ன செய்ய? (மூணாறு)

காந்தலூர்ப் பூண்டின் காரம் அப்படி. உரித்த பூண்டை இறுக மூடும் கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள், ஆப்பிளுக்கு இரட்டைக் கவர் போடுங்கள். ஏற்கெனவே வாசம் ஏறிய துண்டுகள் சட்னிக்குச் சரியாக இருக்கும்.

அடிபட்ட, பூசணம் பிடித்த பழங்களை வெட்டி நீக்கிவிட்டு வைக்கலாமா?

அடிபட்டது என்றால் அந்த இடத்தை மட்டும் செதுக்கிவிட்டு வைக்கலாம். பூசணமும் அழுகலும் வேறு சங்கதி. அதில் உண்டாகும் நச்சு பழத்துக்குள்ளும் பரவியிருக்கலாம், உறைய வைத்தாலும் போகாது. விலையைப் பார்க்காமல் முழுப் பழத்தையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.