திருமுழுக்குப் பெறாத பிள்ளை எங்கே போகும்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் இரண்டாவது மகன் பிறந்து பதினோராம் நாள் ஆஸ்பத்திரியிலேயே தவறிவிட்டான். குறைமாதப் பிள்ளை. மூத்தவளுக்குக் கொடுத்த மாதிரி ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று இருந்தோம். "தண்ணீர் படாத பிள்ளை ஆண்டவர் முகத்தைப் பார்க்காது" என்கிறார் என் பெரியம்மா. மாமியார் வீடு இந்து. பச்சைப் பிள்ளைக்கு ஏது பாவம், புதைத்தாயிற்று, விடு என்கிறார்கள். மாடி வீட்டு பர்மியக்கா, உயிர் ஏழு நாள் வண்ணத்துப்பூச்சி மாதிரி வீட்டைச் சுற்றும், ஏழாம் நாள் பிக்குகளுக்குச் சோறு கொடு என்றார். நான் யாரை நம்புவது? என் பிள்ளை எங்கே?
(ஒரு தாய், தாம்வே, யாங்கோன்)

பதில்: தங்கச்சி, பெரியம்மா என்ன சொன்னார், மாமியார் என்ன சொன்னார், மாடி வீட்டக்கா என்ன சொன்னார் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், பிள்ளைக்கு என்ன பெயர் என்று எழுதவில்லை. இன்னும் வைக்கவில்லை என்றால் இப்போது வையுங்கள். பதினோரு நாள் உயிரோடு இருந்த பிள்ளை அவன்.

பெரியம்மா அதைச் சொந்தமாகக் கட்டிச் சொல்லவில்லை. அவர் காலத்து ஞானோபதேச வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், எனக்கும் அதே பாடம்தான். மோட்சம், நரகம், மோட்சம் போகுமுன் ஆன்மா சுத்தமாகிற உத்தரிக்கிற ஸ்தலம், அப்புறம் நாலாவதாக ஓரமாய் ஒரு இடம், லிம்போ. இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கதை ஐந்தாம் நூற்றாண்டு வட ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. மனிதன் பிறக்கும்போது ஆதாமின் பாவத்தோடு பிறப்பதில்லை என்று பெலாஜியுஸ் என்பவர் சொல்ல, அங்கே ஆயராக இருந்த அகுஸ்தீனார் அதை மறுத்தார். பாவமே இல்லையென்றால் திருச்சபை கைக்குழந்தைக்கு எதற்காக ஞானஸ்நானம் கொடுக்கிறது என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் அந்தப் பிடியை விடாமல் போய்ப் போய், ஜென்மப் பாவம் கழுவப்படாத குழந்தை மோட்சம் போக முடியாது, தண்டனை மட்டும் இருப்பதிலேயே லேசானதாக இருக்கும் என்கிற இடத்தில் வந்து நின்றார். பெரியவர்கள் இரண்டு பேர் வாதாடியதில் குழந்தை சாட்சிப் பொருளாகிவிட்டது, எனக்கு அப்படித்தான் படுகிறது.

பின்னால் வந்தவர்களுக்கே இது தொண்டையில் இறங்கவில்லை. இடைக்காலத்தில் தாமஸ் அக்குவினாஸ் போன்ற இறையியலாளர்கள், அங்கே நெருப்பில்லை, வலியில்லை, குழந்தைகள் இயல்பான சந்தோஷத்தோடு இருப்பார்கள், கடவுளை நேருக்கு நேர் காண்பது மட்டும் கிடைக்காது என்று கொஞ்சம் இறங்கி வந்தார்கள். அதுதான் லிம்போ. அது எத்தனையோ தலைமுறை பாடத்தில் இருந்தாலும் கத்தோலிக்கத் திருச்சபை அதை விசுவாசக் கோட்பாடாக ஒருநாளும் அறிவிக்கவில்லை, இதைப் பெரியம்மாவிடம் அவசியம் சொல்லுங்கள். 1992-இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 1261-ஆம் பத்தியில் லிம்போ என்ற பேச்சையே எடுக்கவில்லை. இப்படி இறந்த குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம், சிறு பிள்ளைகளைத் தடுக்காதீர்கள் என்று இயேசுவே சொன்னதால் அவர்களுக்கும் மீட்பின் வழி உண்டு என்று நம்ப இடமிருக்கிறது என்கிறது. 2007-இல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணையம் இதற்கென்றே ஓர் அறிக்கை எழுதியது, பதினாறாம் பெனடிக்ட் பாப்பரசர் அதை வெளியிட அனுமதித்தார். நம்புவதற்குப் பலமான காரணங்கள் உண்டு, ஆனால் உறுதியாகத் தெரியும் என்று சொல்லமாட்டோம் என்பதுதான் அதன் சாரம். இந்த 'ஆனால்' உங்களுக்குக் கசக்கும், தெரியும். அதை மறைத்து இனிப்பாக எழுதினால் நாளைக்கு வேறு யாராவது எடுத்துச் சொல்லும்போது மறுபடி உடைந்து போவீர்கள்.

எனக்குப் பிடித்த பதில் அறிக்கையில் அல்ல, காலண்டரில் இருக்கிறது. டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் திருவிழா. ஏரோது பெத்லகேமில் வெட்டிப் போட்ட இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகளில் ஒன்றுக்காவது ஞானஸ்நானம் நடந்திருக்குமா? அவர்களைப் புனிதர்கள் என்று கும்பிடுகிற சபை, உங்கள் மகனுக்குக் கதவைச் சாத்தும் என்று நான் நம்பத் தயாரில்லை. அவர்கள் கிறிஸ்துவுக்காகச் செத்தவர்கள், அது வேறு என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும், அந்தப் பிள்ளைகளுக்கு யாருக்காகச் சாகிறோம் என்று தெரியாதே.

எங்கள் வீட்டிலும் ஒருவன் உண்டு. எனக்கு முன்னால் பிறந்து மூன்றாம் நாள் போனவன், சாமியார் வருவதற்குள் முடிந்துவிட்டது. கல்லறையின் உள்ளே இடம் தரவில்லை, மதிலோரம் வைத்தார்கள், ஜெபமும் இல்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் அம்மா தாத்தா பாட்டி கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, ஒன்றை மட்டும் கையில் பொத்திக்கொண்டு மதில் பக்கம் போவார். ஏன் அங்கே என்று கேட்டால், "இங்கே காத்துல அணையுது, அதான் மறைவா வைக்கிறேன்" என்பார். நான் அதை ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

இன்றைக்கு அப்படிச் செய்ய வேண்டியதில்லை. ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்து அதற்குள் பிள்ளை இறந்திருந்தால் திருச்சபை முறைப்படி அடக்கச் சடங்கு நடத்த ஆயர் அனுமதி கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் ஈஸ்டருக்கு என்று நாள் பார்த்து வைத்திருந்தீர்கள், அதுதான் அந்த எண்ணம். அடக்கம் முடிந்துவிட்டாலும் பங்குச் சாமியாரைப் பார்த்து அவன் பெயருக்கு ஒரு பூசை கேளுங்கள். மாமியாரோடு சண்டை வேண்டாம், சின்னப் பிள்ளையை எரிக்காமல் புதைப்பது அவர்கள் வழக்கம், அதுவும் ஒரு மரியாதைதான். மாடி வீட்டக்கா பிக்குகளுக்குச் சோறு கொடுத்தால் அது அவர் மனசு, நன்றி சொல்லுங்கள். நீங்கள் கொடுக்க வேண்டுமென்று இல்லை.

கேள்வி: நாங்கள் பாப்டிஸ்ட். எங்கள் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானமே கிடையாது. அப்படியானால் எங்கள் பிள்ளைகள் எல்லாம் அந்தரத்திலா என்று வேலையிடத்தில் ஒரு கத்தோலிக்க நண்பர் கேட்கிறார்.
(வாசகர், இன்செய்ன்)

பதில்: நண்பருக்கு மேலே இருக்கிற பதிலைக் காட்டுங்கள், முதலில் அவர் வீட்டுக் கணக்கு சரியாகட்டும்.

உங்கள் சபைக்கு இந்த நாட்டில் வழி திறந்த ஜட்சனை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து 1812-இல் கப்பலேறியபோது அவர் குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கிற சபைக்காரர். பயணத்தில் வேதத்தைத் துருவிப் படித்து மனம் மாறி, கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். 1813-இல் ரங்கூனுக்கு வருகிற கப்பலில் அவர் மனைவி ஆனுக்கு முதல் பிள்ளை இறந்தே பிறந்தது. ரங்கூனில் பிறந்த மகன் ரோஜர் எட்டு மாதம் நிறையும் முன்னே 1816-இல் போனான். 1826-இல் ஆன் இறந்து ஆறு மாதத்தில், இரண்டே கால் வயது மரியாவும் போனாள்; இன்று கியாய்க்காமி என்கிற ஆம்ஹெர்ஸ்டில் ஹோபியா மரத்தடியில் தாய்க்குப் பக்கத்திலேயே அடக்கம். ஒரு பிள்ளைக்கும் ஞானஸ்நானம் இல்லை. மூன்று பிள்ளைகளை இழந்த பிறகும் தண்ணீர் தெளித்திருக்கலாமே என்று அவர் பழைய வழிக்குத் திரும்பவில்லை.

உங்கள் ஆட்கள் பொறுப்பறியும் வயது என்பார்கள், நன்மை தீமை தெரியாத பிள்ளையிடம் கடவுள் கணக்குக் கேட்கமாட்டார் என்று. அதற்கு உபாகமம் 1:39-ஐயும், வலதுகை இடதுகை வித்தியாசம் அறியாத நினிவே ஜனங்களைப் பற்றிய யோனா 4:11-ஐயும் காட்டுவார்கள். எத்தனை வயது என்று வேதத்தில் எங்கும் எழுதியில்லை, ஏழு, பன்னிரண்டு என்பதெல்லாம் நாமாகப் போட்டது. மகன் இறந்த பிறகு தாவீது சொன்னதுதான் எல்லாச் சபையும் கடைசியில் பிடித்துக்கொள்கிற வசனம்: "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை" (2 சாமுவேல் 12:23). அவர் கல்லறையை மட்டும்தான் நினைத்துச் சொன்னார் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. ஆனால் அதைச் சொல்லும் முன்பே அவர் எழுந்து, குளித்து, உடை மாற்றி, கேட்டுச் சாப்பிட்டிருக்கிறார். வெறும் மண்ணை நினைத்தவனுக்குச் சோறு இறங்குமா?

கேள்வி: என் பேத்தி தேவதூதியாகி எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நம்பலாமா?
(பாட்டி, மோல்மேன்)

பதில்: தூதர்கள் வேறு படைப்பு, மனிதர் இறந்து தூதராவதாக எந்தப் பழைய சபையும் போதிப்பதில்லை. அவள் உங்கள் பேத்தியாகவே இருப்பாள் பாட்டி, அது குறைச்சலா?

கேள்வி: மோட்சத்தில் குழந்தை குழந்தையாகவே இருக்குமா, வளருமா?
(வாசகர், மாந்தலே)

பதில்: மேலே நான் குறை சொன்ன அதே அகுஸ்தீனார் இதற்கு அழகாகச் சொல்லியிருக்கிறார். உயிர்த்தெழும்போது குழந்தை அதே சின்ன உடம்போடு எழாது, வளர்ந்திருந்தால் எப்படி இருக்குமோ அந்த முழு வளர்ச்சியோடு எழும் என்பது அவர் கருத்து. கோட்பாடு அல்ல, கருத்து.

கேள்வி: பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன், பௌத்தப் பெண்தான், தமிழ் படிப்பேன். சாகக் கிடக்கும் பிள்ளைக்கு நான் ஞானஸ்நானம் கொடுத்தால் செல்லுமா என்று ஒரு தாய் கேட்டார்.
(யாங்கோன்)

பதில்: செல்லும். உயிருக்கு ஆபத்தான நேரத்தில், திருச்சபை செய்கிறதைச் செய்கிறேன் என்ற எண்ணத்தோடு யார் கொடுத்தாலும் கத்தோலிக்க முறையில் அது செல்லும், கொடுப்பவர் ஞானஸ்நானம் பெற்றவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பெற்றோர் கேட்டால் மட்டும் செய்யுங்கள். சுத்தமான தண்ணீரை வெதுவெதுப்பாக எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டே பெயர் சொல்லி, "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். எந்த மொழியானாலும் சரி. ஈரப் பஞ்சால் துடைத்தால் போதாது, ஒரு தேக்கரண்டியானாலும் தண்ணீர் ஓட வேண்டும். பிள்ளையின் பெயர், தேதி, நேரம், கொடுத்தவர் பெயர் நாலையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் தாயிடம் கொடுத்துவிடுங்கள், பங்குப் பதிவேட்டில் ஏற்ற அதைக் கேட்பார்கள்.