ஆனைத்திருக்கையும் சுவர்ப்பாசியும்: கேள்வி பதில்

கேள்வி: ஆனைத்திருக்கை என்ற கடல் மீனையும் சுவர்ப்பாசி என்று நாம் சொல்லும் ஃப்யூனேரியா மாஸையும் ஒப்பிடுவதில் என்ன பொருள் இருக்கிறது ஐயா?

பதில்: கருவுறுதலைப் பாருங்கள், புரியும். ஆனைத்திருக்கை உயிர் உள்ளவரை கடலில்தான். ஆனாலும் அதன் விந்து கடல்நீரில் நீந்தி முட்டையைத் தேடுவதில்லை. ஆண் தன் இடுப்புத் துடுப்பில் உள்ள கவ்வுறுப்பால் பெண்ணின் உடலுக்குள்ளேயே சேர்த்துவிடுகிறது. சுவரிலும் தீ எரிந்த தரையிலும் முளைக்கிற ஃப்யூனேரியாவுக்கோ நீர் இல்லாமல் கரு இல்லை. அதன் விந்தணு வால் போன்ற இரண்டு கசையிழைகளை அடித்துக்கொண்டு, மழை விட்டுப்போன நீர்ப்படலத்தில் நீந்தித்தான் முட்டையை அடைகிறது.

அதற்குப் பிறகு இரண்டிலும் தாய்தான் ஊட்டுகிறாள். திருக்கைக் குட்டி கருப்பையில் சுரக்கும் பால் போன்ற திரவத்தை உண்டு ஏறத்தாழ ஓராண்டு வளரும். பிறப்பது பெரும்பாலும் ஒரே குட்டி. மாஸின் கரு தாய்ச்செடியின் நுனியிலேயே ஊன்றி, காம்பும் உறையுமாக எழுந்து, புதுச் செடியாக முளைக்கும் நுண்துகள்களான ஸ்போர்களை ஆயிரக்கணக்கில் உதிர்க்கும். காய்ந்த காம்பு ஒன்றை எடுத்து, வாயருகே வைத்து மூச்சு விடுங்கள். ஈரம் பட்டதும் முறுக்கு அவிழ்ந்து சுழலும். ஃப்யூனேரியா ஹைக்ரோமெட்ரிகா என்ற முழுப்பெயரில் ‘ஈரத்தை அளப்பது’ என்ற பொருளில் ஹைக்ரோமெட்ரிகா வந்ததே அதனால்தான்.

கேள்வி: திருக்கை கொட்டுமா?

பதில்: ஆனைத்திருக்கைக்கு விஷமுள் கிடையாது. முள் உள்ள வகைகள் வேறு.

கேள்வி: கடற்பாசி, சுவர்ப்பாசி எல்லாம் ஒன்றுதானே?

பதில்: இல்லை. கடற்பாசியின் கரு தாயுடலில் ஒட்டி ஊட்டம் பெற்று வளர்வதில்லை. மாஸில் வளர்கிறது.

கேள்வி: அப்படியானால் ஊரே பாசி என்று சொல்வது தப்பா? தொட்டால் விலகி, விட்டால் மூடுகிற ஊருணிப் பாசியைப் பாடிய மொழி இது!

பதில்: சொல்லில் தப்பே இல்லை. வழுக்குகிற பச்சை எல்லாவற்றுக்கும் நம் மொழி வைத்த பெயர் அது, எனக்கும் பிரியமானது. ஆனால் ஊருணியில் மிதப்பதற்குத் தண்டுமில்லை, இலையுமில்லை. சுவரில் இருப்பதை லென்ஸில் பாருங்கள்: ஒற்றைச் செல் கனத்தில் இலை, நடுவில் நரம்பு. பரீட்சைத் தாளில் மாஸ் என்றே எழுதுங்கள்.

கேள்வி: மீன்தொட்டியில் எந்த மாஸ் வளரும்?

பதில்: தொட்டி வளர்ப்பவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: திருக்கை கொட்டினால் விஷமா?

பதில்: இரண்டாவது முறையாக வருகிறது இது. முள் உள்ள வகை குத்தினால் விஷம்தான். காலில் என்றால், தோல் வேகாமல் பொறுக்கிற சூட்டு நீரில் காலை வைத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ ஏறிய முள்ளைப் பிடுங்கவே பிடுங்காதீர்கள்.