டெய்லர் மாஸ்டர் பதில்கள்: இந்தத் தடவை சர்தார்ஜிகள்

குன்னூர் பக்கத்து வெலிங்டன் கடைவீதியில் முப்பத்தெட்டு வருஷம் பட்டாளத்துத் துணி தைத்தவன், அதில் தலைப்பாகையும் உண்டு என்று போன இதழில் போகிறபோக்கில் எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி சீக்கியர்களைப் பற்றித்தான். கடைக்கு வந்தவர்களிடம் கேட்டதையும், ஒருமுறை அமிர்தசரஸ் பொற்கோயில் போய்ப் பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் ஹட்டி (படகர் ஊர்) பெரியவர்களும் விசேஷத்துக்கு வெள்ளைத் தலைப்பாகை கட்டுவார்கள். சர்தார்கள் கட்டுவதும் அதுபோலத்தானே, மாஸ்டர்?
*(ஒரு வாசகர், கேத்தி)*

இல்லை தம்பி. விசேஷம் முடிந்தால் நம் பெரியவர்கள் கழற்றி மடித்துவைத்துவிடலாம். சர்தார்களுக்குத் துணியைவிட உள்ளே இருக்கிற முடிதான் முக்கியம். ஆண்டவன் கொடுத்த முடியை வெட்டக் கூடாது என்பது அவர்கள் விரதம். தினமும் சீவி, உச்சியில் கொண்டை முடிந்து, அதைக் காப்பதற்காக மேலே கட்டுகிறார்கள். தொப்பி மாதிரி நினைத்துத் தொட்டுப் பார்க்காதீர்கள்.

துணி, ‘வாயில்’ என்கிற மெல்லிய ரகம். நீளம் கிட்டத்தட்ட ஒரு சேலை அளவு. சிலர் அதைப் பாதியாக வெட்டி, இரண்டு துண்டையும் நீளவாக்கில் சேர்த்து, அகலத்தை இரட்டிப்பாக்கித் தைக்கச் சொல்வார்கள். ‘டபுள் பட்டி’ என்று பெயர். சாதாரண வேலை மாதிரி தெரியும். தையல் ஒரு நூல் புடைத்தாலும் மடிப்பில் காட்டிக்கொடுத்துவிடும். என் முதல் மூன்றும் திரும்பி வந்தன.

கட்டுவதற்கு முன் துணியை இழுத்து மடிக்க வேண்டும், அதற்குப் ‘பூணி’ என்பார்கள். மறுமுனையைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுக் கேப்டனின் மனைவி ஊருக்குப் போயிருந்தபோது ஒரு வாரம் காலை ஆறு மணிக்கு நான்தான் பிடித்தேன். “இன்னும் இழுங்க மாஸ்டர்ஜி” என்பார். குன்னூர்க் குளிரில் விரல் மரத்துப் போயிருக்கும், ஆனால் முனையைத் தரையில் விட மனசு வராது. ஆடி மாதத்தில் அந்தத் துணி காய்வதற்குள் பட்ட பாடு தனிக் கதை. அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயவைப்போம்.

சீக்கியம் இந்து மதத்தில் ஒரு பிரிவா, இஸ்லாம் கலந்ததா?
*(ஓய்வுபெற்ற ஆசிரியர், அருவங்காடு)*

இரண்டும் இல்லை ஐயா, அது தனி மதம். சீக் என்றால் சிஷ்யன். தொடங்கியவர் குரு நானக். 1469-இல் அவர் பிறந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. கடவுள் ஒருவரே, அவருக்கு உருவம் கிடையாது. உழைத்துச் சாப்பிடு, பகிர்ந்து கொடு. அவர் சொன்னது இவ்வளவுதான், கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். அவரோடு சேர்த்துப் பத்து குருமார்கள். பத்தாமவரான கோவிந்த் சிங், 1708-இல் மகாராஷ்டிரத்து நாந்தேடில், தனக்குப் பின் புத்தகமே குரு என்று சொல்லிவிட்டார்.

அதுதான் 1430 பக்கமுள்ள குரு கிரந்த் சாகிப். அதில் கபீர் பாட்டும் உண்டு, மராட்டிய நாமதேவர் பாட்டும் உண்டு, சூஃபி ஃபரீதின் பாட்டும் உண்டு. அமிர்தசரஸில் ராத்திரி அதைப் பல்லக்கில் வைத்துக் கொண்டுபோய் ஓய்வெடுக்க வைக்கிறார்கள். நம் கோயில் பள்ளியறைதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் உள்ளே சிலை கிடையாது.

என்னோடு படிக்கும் சீக்கிய மாணவர் குறுங்கத்தி வைத்திருக்கிறார். சட்டப்படி தப்பில்லையா?
*(கல்லூரி மாணவி, கோத்தகிரி)*

தப்பில்லைம்மா. அதன் பெயர் கிர்பான். அதை அணிவது சீக்கிய மதத்தைப் பின்பற்றுவதில் அடங்கும் என்று அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவே சொல்கிறது. வெட்டாத முடி, சீப்பு, இரும்பு வளை, உள்ளே அணியும் அரைக்கால் சட்டை ஆகியவையும் தீட்சை பெற்றவர்களுக்குக் கட்டாயம். தைப்பவன் என்பதால் அந்தச் சட்டையும் எனக்கு அத்துப்படி, நாடா கோத்துத்தான் தருவோம்.

1699-இல், பஞ்சாபின் அறுவடைத் திருநாளான வைசாகி அன்று ஆனந்த்பூரில் குரு கோவிந்த் சிங் வாளோடு நின்று “யார் தலை தருவீர்கள்?” என்று கேட்டபோது, ஐந்து பேர் ஒருவர்பின் ஒருவராக எழுந்தார்களாம். அவர்களில் ஒருவர் பீதரிலிருந்து, அதாவது இன்றைய கர்நாடகத்திலிருந்து, போனவர் என்கிறது அவர்கள் மரபு. நம் பக்கத்து ஆள்!

ராணுவத் தளபதியாக இருந்த சாம் பகதூர் மானெக்‌ஷா சீக்கியர்தானே?
*(ஒரு வாசகர், ஊட்டி)*

பார்சி. உங்கள் ஊர்ப் பார்சி கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள். ஒரு நடை போய்ப் பாருங்கள். அதேபோல, சிங் என்று பெயர் இருப்பவரெல்லாம் சீக்கியர் இல்லை. ராஜபுத்திரர்களிலும் சிங் உண்டு.

நல்ல சர்தார்ஜி ஜோக் ஒன்று சொல்லுங்களேன்!
*(ஒரு வாசகர், கூடலூர்)*

கடையில் ஒரு சுபேதாரிடம் ஒருமுறை சொன்னேன். சிரித்தார். அப்புறம் அவர் துணி என் கடைக்கு வரவே இல்லை.

சீக்கியர் கோயிலான குருத்வாராவில் நம்மவர்கள் போய்ச் சாப்பிடலாமா? காசு கொடுக்க வேண்டுமா?
*(குடும்பத் தலைவி, குன்னூர்)*

தாராளமாகப் போகலாம். அந்தச் சாப்பாட்டுக்கு லங்கர் என்று பெயர். சைவம்தான், காசு கேட்க மாட்டார்கள். சென்னை போனால் தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையிலேயே குருத்வாரா இருக்கிறது. செருப்பை வெளியே விட்டு, தலையை மூடிக்கொள்ளுங்கள், முந்தானை போதும். எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தி வாங்குங்கள். தட்டில் மிச்சம் வைக்காதீர்கள்.

அமிர்தசரஸில் நாங்கள் சாப்பிட்டு எழுந்ததும் என் வீட்டுக்காரி, ரொட்டி தேய்க்கும் பெண்களோடு போய் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ரயிலுக்கு நேரமாகிறது என்று நான் மூன்று தடவை கூப்பிட்டேன். “இந்த மாவு முடியட்டும்” என்றாள். அங்கே மாவு எங்கே முடியும்?