அல்மோராவில் உதய் சங்கர் நடத்திய கலை மையம் என்பது என்ன?

இமயமலை ஊரான அல்மோராவில் 1930களின் இறுதியில் நடனக் கலைஞர் உதய் சங்கர் தொடங்கிய நடன, இசைப் பயிற்சி மையம். அவர் லண்டனில் ஓவியம் படித்தவர், எந்த நடன மரபையும் சிறுவயதிலிருந்து முறையாகக் கற்றவர் இல்லை. அதனாலோ என்னவோ, ஒரே மரபில் நிற்காமல் கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, பரதத்துக்குக் கந்தப்பா பிள்ளை (ஆமாம், பரதக் கலைஞர் பாலசரஸ்வதியின் குருதான்), மணிப்புரி நடனத்துக்கு அமோபி சிங், இசைக்கு அலாவுதீன் கான் என்று எல்லோரையும் மலையேற்றிவிட்டார். நாலு ஊர்ச் சமையல்காரர்களிடம் கைப்பக்குவம் பழகி, அப்புறம் சொந்தமாக ஒரு குழம்பு வைப்பது மாதிரி. இந்திப் பட இயக்குநர் குரு தத் அங்கே படித்தவர்தான். உலகப்போர்க் காலப் பணமுடையில் மையம் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. சிதார் ரவி சங்கர் நடத்தியது என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அவர் உதய் சங்கரின் தம்பி.