எலும்பைக் கடிக்கும் மாட்டுக்கு எந்தத் தாது உப்பு?

இறைச்சிக்காக 40 மாடுகளை மேய்ச்சலில் மட்டுமே வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: மாடுகள் எலும்பைக் கடிக்கின்றன, கன்று போட்ட மாடுகள் மறுபடி சினை பிடிக்கத் தாமதமாகிறது. சிவப்பு உப்புக்கட்டி தொங்கவிட்டிருக்கிறார். ஏஜென்ட் ஒருவர் '22 சத்துகள்' அடங்கிய கலவையை வாங்கச் சொல்கிறாராம். எதை வாங்குவது?

வாங்குவது இருக்கட்டும், முதலில் நிலத்தில் கிடக்கும் எலும்புகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். செத்த பிராணியின் எலும்பில் பாட்டுலிசம் நச்சு இருந்தால் மாடு தசைகள் செயலிழந்து படுத்துவிடும், எழுப்புவது கஷ்டம். எலும்பைத் தேடிப் போவது பெரும்பாலும் பாஸ்பரஸ் குறைவின் அடையாளம். சினை தள்ளிப்போவதும் அதோடு ஒத்துப்போகிறது.

அந்தச் சிவப்புக் கட்டியில் பெரும்பகுதி வெறும் உப்பு. நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. அது உடம்பில் சரியாகச் சேராது, மேயும் மாட்டுக்குப் புல்லிலும் மண்ணிலும் தேவைக்கு மேலேயே இரும்பு கிடைக்கிறது. சிவப்பாக இருந்தால் சத்து என்று யார் கிளப்பிவிட்டார்களோ!

ஏஜென்ட் பேசுவதைக் கேட்காமல் மூட்டையைத் திருப்பி பாஸ்பரஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். தினம் 10 கிலோ காய்ந்த எடை அளவுக்குப் புல் தின்னும், கன்றுக்குப் பால் கொடுக்கும் மாட்டுக்குச் சுமார் 20 கிராம் பாஸ்பரஸ் வேண்டும். புல்லில் 0.1 சதவீதம்தான் இருந்தால் 10 கிராம் கிடைக்கும். மிச்சத்தைக் கலவைதான் ஈடுகட்ட வேண்டும். 8 சதவீதக் கலவையை 100 கிராம் நக்கினால் 8 கிராம் வந்துவிடும். 2 சதவீதக் கலவையில் வருவது 2 கிராம். அதில் 22 சத்து இருந்தால் என்ன, 42 இருந்தால் என்ன?

தாமிரத்திலும் ஒரு தந்திரம் உண்டு. காப்பர் ஆக்சைடு தூள் வந்த வழியே சாணத்தில் போய்விடும், காப்பர் சல்பேட்தான் உடம்பில் ஒட்டும். எது போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொடி எழுத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். அதைப் பெரிதாக அச்சிடச் சொல்ல எந்த அதிகாரிக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. 'மாட்டு முடியை அனுப்புங்கள், எல்லாக் குறையும் சொல்கிறோம்' என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். முடியில் ஒட்டிய சேறும் தூசியும் சேர்ந்துதான் கணக்கில் வரும். தாமிரத்துக்கு நம்பகமான சோதனை கல்லீரலில்தான்.

பாஸ்பரஸ் பலன் தருவது புல் பச்சையாக வளரும் பருவத்தில். காய்ந்த காலத்தில் முதல் குறை புரதம், தாது அப்புறம்தான்.

ஒரு விதிவிலக்கை மட்டும் சொல்லியே ஆகவேண்டும். குளிர்ச்சியான பருவத்தில் இளம்புல் திடீரெனத் தழைத்து வரும்போது கதையே வேறு. அந்தப் புல்லில் மெக்னீசியம் குறைவு, பொட்டாசியம் அதிகம். பொட்டாசியம் இருக்கிற மெக்னீசியத்தையும் உடம்பில் சேரவிடாது. உரம் போட்ட நிலமென்றால் இன்னும் மோசம். கன்றுக்குப் பால் கொடுக்கும் மாடு மிரளும், தள்ளாடும், விழுந்து கால்களை உதைக்கும், சில மணி நேரத்தில் செத்தும் போகும். மெக்னீசியத்தை அவசரத்துக்கு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ள மாட்டால் முடியாது, தினமும் உள்ளே போக வேண்டும். அதனால் இளம்புல்லுக்கு விடுவதற்குச் சில வாரங்கள் முன்பே 10 சதவீத மெக்னீசியம் உள்ள கலவைக்கு மாற்றுங்கள். மெக்னீசியம் ஆக்சைடு கசக்கும், மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், வெல்லப்பாகோ அரைத்த தானியமோ கலந்து வையுங்கள். அறிகுறி தெரிந்துவிட்டால் உப்பெல்லாம் உதவாது, உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சரி, உங்கள் மாடுகளுக்கு வருவோம். பாஸ்பரஸ் 8 சதவீதத்துக்குக் குறையாத தூள் கலவையை மழை படாத தொட்டியில் வையுங்கள். 40 மாட்டுக்கு, தலைக்கு 100 கிராம் வீதம், வாரம் 28 கிலோ காலியாக வேண்டும். 10 கிலோதான் போயிருக்கிறதென்றால் தொட்டியைத் தண்ணீர்த் துறைப் பக்கம் நகர்த்துங்கள். அந்தச் சிவப்புக் கட்டியையும் கழற்றிவிடுங்கள், உப்பு ஆசை அங்கேயே தீர்ந்துவிடுகிறது, அப்புறம் கலவையை நக்க வராது.