பிரிண்டர் 'ஆஃப்லைன்'னு காட்டுதா? டிரைவரை விடுங்க, ஐபியைப் பாருங்க

தங்கச்சிமடம், ஜெராக்ஸ் கடை: அண்ணே, கரண்ட் போய் வந்தாலே வைஃபை பிரிண்டர் 'ஆஃப்லைன்'. டிரைவரை, அதான் பிரிண்டரை ஓட்டுற சாஃப்ட்வேரை, அழிச்சுட்டுத் திரும்பப் போட்டா ஓடுது. மறுபடி கரண்ட் போனா அதே கதைதான்.

பதில்: டிரைவர் பாவம் தம்பி, அது மேல தப்பே இல்ல. கரண்ட் வந்ததும் ரௌட்டர் பிரிண்டருக்கு வேற ஐபி, அதாவது நெட்வொர்க்ல அதோட முகவரி நம்பர், கொடுத்துடுது. கம்ப்யூட்டர் பழைய நம்பரையே தேடிக்கிட்டு நிக்குது. திரும்ப இன்ஸ்டால் பண்றப்ப புது நம்பரைப் பிடிச்சுக்கும், அதான் அப்போதைக்கு ஓடுது.

பிரிண்டர்ல நெட்வொர்க் ரிப்போர்ட்னு ஒரு தாள் எடுங்க. அதுல 192.168.1.7 மாதிரி ஒரு நம்பர் இருக்கும். கம்ப்யூட்டர்ல 'பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்', அதுக்குள்ள 'போர்ட்ஸ்'. அங்க வேற நம்பர் இருந்தா கோளாறு பிடிபட்டுடுச்சு. ரௌட்டர் செட்டிங்ல 'டிஹெச்சிபி ரிசர்வேஷன்' போய், பிரிண்டரோட மேக் அட்ரஸுக்கு (அந்த மெஷினோட அடையாள எண்) ஒரு ஐபியை ஒதுக்கி வச்சிருங்க. அதே நம்பருக்குக் கம்ப்யூட்டர்ல 'ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட்' ஒண்ணு போடுங்க. விண்டோஸ் தானாப் போடுற 'டபிள்யூஎஸ்டி' போர்ட்டை நான் கடைகளுக்கு வைக்கிறதே இல்ல. நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போதே காணாமப் போகும்.

ராமேஸ்வரம், லாட்ஜ்: சார், ரிசப்ஷன் கம்ப்யூட்டர்ல பிரிண்ட் வருது. என் லேப்டாப்ல பிரிண்டரே தெரியல. ரெண்டும் ஒரே ரௌட்டர்தான்.

பதில்: லேப்டாப் கெஸ்ட் வைஃபையில இருக்கான்னு பாருங்க. அதுல சேர்றவங்களுக்கு இன்டர்நெட் மட்டும்தான் கிடைக்கும், உள்ளே இருக்கிற பிரிண்டர் தெரியாது. அந்தத் தடுப்பை எடுத்துடாதீங்க சார். ஆடி அமாவாசைக்கு ரூம் எல்லாம் நிறைஞ்சு கிடக்குறப்ப, வந்தவங்க போன் எல்லாம் உங்க பில் கம்ப்யூட்டரை எட்டிப் பார்க்கணுமா? லேப்டாப்பை மெயின் வைஃபைக்கு மாத்துங்க, போதும்.

கீழக்கரை: காக்கா, ரௌட்டர் மாத்துனதுல இருந்து பிரிண்டர்ல எங்க வைஃபை பேரே வரல.

பதில்: புதுசுல 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் ஓடுதோ என்னவோ. வீட்டு பிரிண்டர் நிறையத்துக்கு 2.4 மட்டும்தான் தெரியும், அதை ஆன் பண்ணுங்க. பழைய பேரையும் பாஸ்வேர்டையும் அப்படியே புது ரௌட்டர்லயும் வச்சா பெரும்பாலும் தானாச் சேர்ந்துக்கும்.

மண்டபம், ஐஸ் கம்பெனி ஆபீஸ்: கேபிள் பிரிண்டர் அண்ணே. ரிப்போர்ட்ல 169.254னு ஏதோ நம்பர் வருது.

பதில்: ரௌட்டர்கிட்ட இருந்து ஐபி கிடைக்காதப்ப பிரிண்டர் தனக்குத்தானே போட்டுக்கிற நம்பர் அது. கேபிள் செருகுற இடத்துல லைட் எரியுதா பாருங்க. எரியலைன்னா பிளக்கைக் கழட்டி வெளிச்சத்துல காட்டுங்க. கடலோரத்துல இது சகஜம்: எட்டுப் பின்னுல ஒண்ணு ரெண்டு பச்சை பூத்திருக்கும். உப்புக்காத்து வேலை. பிளேடு வச்சு சுரண்டாதீங்க, மேல இருக்கிற தங்க முலாம் போயிட்டா இன்னும் சீக்கிரம் அரிக்கும். நுனியை வெட்டிட்டுப் புது பிளக் வச்சு அழுத்திப் பொருத்துங்க (கிரிம்ப்). அதுக்கு முன்னால வேற கேபிள் ஒண்ணு போட்டுப் பார்த்துடுங்க, பிரிண்டர் சாக்கெட்டும் அரிச்சிருந்தா கதை வேற.

தேவிபட்டினம்: ஒரு கம்ப்யூட்டர்ல ஷேர் பண்ணின பிரிண்டர், அடுத்ததுல சேர்த்தா '11பி'னு முடியுற எரர். ரெஜிஸ்ட்ரியில (விண்டோஸோட உள் செட்டிங்ஸ் பட்டியல்) ஒரு வரி மாத்தச் சொல்லி வீடியோ இருக்கு. செய்யலாமா?

பதில்: வேணாம். 2021 செப்டம்பர்ல மைக்ரோசாஃப்ட் போட்ட பாதுகாப்பு அப்டேட்டோட வந்த எரர் அது. அந்த வரியை மாத்தினா பிரிண்ட் வரும், அந்த அப்டேட் போட்ட பூட்டும் போயிடும். ரெண்டு கம்ப்யூட்டரையும் அப்டேட் பண்ணிப் பாருங்க. பிரிண்டர்ல வைஃபையோ லேன் சாக்கெட்டோ (நெட்வொர்க் கேபிள் செருகுற இடம்) இருந்தா ஷேரிங்கே வேணாம், ரெண்டுலயும் ஐபி போர்ட் போட்டு நேராச் சேருங்க.